கேட்காமல் வந்த குளிர்

யேசு மரி சூசை துணை

ஓமான்,
27.07.1986

கொழும்புத்துறையில் கடற்காற்றோடு வாழும் மைத்துனர் செபநாயகம் அத்தான் அவர்களுக்கு, காற்றுக்கே வியர்க்கும் பாலைவனத்திலிருந்து அடைக்கலநாதன் பணிவுடன் எழுதுவது. உங்கள் தங்கை மக்டலீனும் மகள் பெர்னடெட்டும் மகன் வின்சன்றும் நானும் ஆண்டவர் கிருபையால் சுகமே இருக்கிறோம். நீங்களும் மாமியும் செல் குண்டு விழாத இடத்தில், விழாத நேரத்தில் இருப்பீர்களென்று நம்புகிறோம்.

சென்ற கிழமை மக்டலீன் எழுதிய கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஆவணியில் பிள்ளைகளோடு திரும்பி வருவதாகவும், மேற்கு அறையைத் துடைத்து வைக்கும்படியும் அதில் எழுதியிருப்பாள். அந்த அறையைத் துடைக்க வேண்டாம் என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

நாங்கள் புறப்பட்ட அன்று உங்கள் வாசலில் நின்று, "அவள் அங்கத்தை வெயிலை ஒரு கோடை தாங்காள், பாரும்" என்று நீங்கள் சொன்னீர்கள். "குருநகர் வெயிலிலை பிறந்தவைக்கு உது ஒரு வெயிலோ அத்தான்?" என்று நான் சொன்னேன். நான் சொல்லில் நிற்கிறவன். கடற்றொழிலுக்குத் தடை வந்தபின் மீனவர் சங்கக் களஞ்சியத்தில் என் கையில் திறப்பு இருந்தது, பூட்டி வைக்க ஒன்றும் இருக்கவில்லை; அந்த அனுபவத்தை மதித்தே இந்தக் கம்பனி தன் களஞ்சியத்தை என் பொறுப்பில் விட்டது. சித்திரையில் வந்து இறங்கியதும், வீட்டுக்கு வேண்டியவற்றைக் குறிக்க ஒரு படிவம் தந்தார்கள். கட்டில், மேசை, அடுப்பு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டேன். குளிரூட்டி என்ற இடத்தில் 'தேவையில்லை' என்றும், காரணம் என்ற இடத்தில் 'விண்ணப்பதாரர் யாழ்ப்பாணத்தவர்' என்றும் எழுதினேன். மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. படிவத்தைப் படித்துவிட்டு என்னை இரண்டு தரம் பார்த்தார். மரியாதையாகவே பார்த்தாரென்று எடுத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்தது. இவ்வூர் வெயிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்கிறது. குளிர்தண்ணீர்க் குழாயைத் திறந்தால், மாடித் தொட்டியிலிருந்து தேநீர் போடும் பதத்தில் தண்ணீர் இறங்கும். முதுகு சிவந்த மூன்றாம் நாள், மின்சாரம் கொடுக்காமல் வீட்டு நிழலில் கிடக்கும் சுடுதண்ணீர்க் கலனுக்குள்தான் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறதென்று கண்டுபிடித்தேன். அன்று முதல் குளிர் வேண்டியவர் சுடுகுழாயையும், சூடு வேண்டியவர் குளிர்குழாயையும் திறக்கிறோம். மாதா படத்துக்கு முன் வைத்த மெழுகுதிரி கொளுத்தாமலே வளைந்து நிலத்தைத் தொட்டது. "மாதாவுக்கு வணக்கம் செய்யுது" என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். "இல்லையப்பா, மயங்கி விழுந்திட்டுது" என்றாள் பெர்னடெட். மாலையில் செபமாலை தொடங்குமுன் யன்னலில் ஈரச் சீலை தொங்கவிடுவோம். ஆனியில் அது செபமாலையின் கடைசியான ஐந்தாம் பத்துமணி வரை ஈரமாக இருந்தது. ஆடியில் மூன்றாம் பத்துமணியிலேயே மொறுமொறுத்துவிட்டது. செபத்தை வேகமாகச் சொல்லிப் பார்த்தும் பயனில்லை.

வின்சன்றுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்ட அன்று உங்கள் தங்கை பொறுமை இழந்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை ஸ்ரோருக்குள்ளை பதினொரு குளிர் மிசின் சும்மா கிடக்குது. ஒண்டைக் கேட்டால் வாய் தேஞ்சு போமோ?"

"வேண்டாமெண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான். இனி எந்த முகத்தோடை போய்க் கேக்கிறது?"

"அங்கை பொம்மர் குண்டு போட வந்தால் பங்கர்க் குழிக்குள்ளை இறங்கலாம். இந்த வெயிலுக்கு எங்கை இறங்கிறது? நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அண்ணையிட்டைப் போறன்."

குண்டு விழும் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று ஒரு தாய் விளையாட்டுக்குச் சொல்லமாட்டாள். அது எனக்குத் தெரியும். இரண்டு நாள் களஞ்சியத்தில் அந்தப் பதினொரு மிசின்களுக்கும் முன்னால் நின்று, கேட்க வேண்டிய வசனத்தைச் சொல்லிப் பழகினேன். மிசின்களிடம் நன்றாகவே வந்தது. மேற்பார்வையாளரிடம் "இண்டைக்கு நல்ல வெயில்" என்பதற்கு மேல் வரவில்லை.

இந்நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை கடற்கரைப் பக்கமிருந்து மீன் வண்டி வந்தது. இத்தனை வெயிலை வீணாக விடலாமா என்று எண்ணி, ஒரு கூடை மீனுக்கு உப்பிட்டு மொட்டைமாடியில் காயவிடத் தீர்மானித்தேன். மக்டலீன் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். உங்கள் கரையில் நாலு நாள் எடுக்கும் கருவாடு இங்கே ஒன்றரை நாளில் காய்ந்தது. குருநகர் ஆட்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லவும்.

மறுநாள், எங்களோடு ஒரே மொட்டைமாடியைப் பகிரும் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பொறியியலாளரின் மனைவி தங்கள் குளிரூட்டிக்குள் ஏதோ செத்துக் கிடப்பதாக முறையிட்டார். கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. புதியது கேட்டு என்னிடம் வந்தார்கள்; விதிப்படி வழங்கினேன். அதற்குள்ளும் ஏதோ செத்திருந்தது. இரண்டாவதையும் வழங்கினேன். மூன்றாவதை எடுக்க வந்த மேற்பார்வையாளர் ஏதோ நினைத்து மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். அவர் பேசியதை நம்முடைய தமிழில் திருத்தித் தருகிறேன்.

"அடைக்கலநாதன், உது என்ன?"

"கருவாடு."

"உடனை எடும் ஐசே! உம்மடை வீட்டுக்குள்ளை வையும்."

"வைக்கலாம். யன்னல் திறந்திருக்கும். மணம் அந்த அம்மாவிட்டைத்தான் போகும்."

"யன்னலைப் பூட்டும்!"

"பூட்டினால் நாங்கள் நாலு பேரும் கருவாடாப் போவம். எங்களிட்டை மிசின் இல்லை."

"ஏன் இல்லை?"

களஞ்சியத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய படிவத்தைக் காட்டினேன். காரணத்தை மறுபடியும் படித்தார். பிறகு அதைக் கிழித்துவிட்டு, 'நிர்வாகத்தின் நன்மைக்காகக் கட்டாயமாகப் பொருத்தப்பட வேண்டும்' என்று புதிதாக ஒன்று எழுதித் தந்தார். வழங்கியவர் என்ற இடத்திலும் பெற்றவர் என்ற இடத்திலும் நானே கையொப்பமிட்டேன். பெற்றவர் என்ற இடத்தில் 'ஆட்சேபத்துடன்' என்று சேர்த்தேன்.

அத்தான், நான் கேட்கவில்லை. கெஞ்சவில்லை. வெயிலுக்கு ஒரு யாழ்ப்பாணத்தான் தோற்கவில்லை. ஒரு கம்பனியே இறங்கி வந்து வேண்டிக்கொண்டபடியால் பெருந்தன்மையாக இணங்கினான். இதைச் சந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள்.

மாமியின் பாதங்களுக்கு எங்கள் தோத்திரம். மடு மாதா உங்கள் கூரைக்கு மேலே தன் மேலாடையை விரித்துப் பிடிப்பாளாக.

தங்கள் அன்பு மைத்துனன்,
ம. அடைக்கலநாதன்

பி.கு.: அண்ணை, உறையை ஒட்டச் சொல்லி இவர் கடிதத்தை என்னட்டைத் தந்திட்டு வேலைக்குப் போயிட்டார். மாடியிலை கயிறு கட்ட நாலு பக்கமும் இடமிருந்தது. அந்த வெள்ளைக்காரியின்ரை மிசினுக்கு நேர் மேலை பாத்துக் கட்டினது நான். முதல் நாள் காத்து மற்றப் பக்கம் அடிச்சுது, மாத்திக் கட்டினனான். இந்த மனிசன் ஒருநாளும் கேக்காது, கொண்டுவந்து திணிச்சால் வாங்கும். கலியாணம் பேசேக்கையும் இப்பிடித்தானே. நீங்கள் ஒண்டும் தெரியாத மாதிரி, "அடைக்கலநாதன், நீர் ஆம்பிளை" எண்டு ரண்டு வரி எழுதிப் போடுங்கோ. நாங்கள் வரேல்லை, இருக்கிறம். வின்சன்ற் மத்தியானத்திலை போர்த்துக்கொண்டு நித்திரை கொள்ளுறான்.