ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளிக்குக் கிடைத்த ஏகமனதான தீர்மானம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் செய்த ஒரே உருப்படியான காரியம், லண்டனில் 'அரசியல் பொருளாதார அறிஞர் கழகம்' தொடங்கியதுதான். ரொட்டி விலை ஏன் ஏறுகிறது என்பதை அங்கே ஆட்டுக்கறி சாப்பிட்டபடியே ஆராய்ந்தார்கள்.

அதே ஊரின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பேட்டையில் பட்டு நெய்த ஐசக் டுபாரிக்கு அந்தக் கழகத்தின்மேல் பக்தியே உண்டு. நெசவாளர் கூலியைக் காத்துவந்த பழைய சட்டத்தை ஒழிக்கப் பாராளுமன்றம் துடித்துக்கொண்டிருந்த வருடம் அது. சட்டம் போனால் கூலியும் போகும் என்று தெருவே நடுங்கியது.

"படிச்சவங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா பாராளுமன்றம் கேக்கும்" என்று இரவல் கோட்டை மாட்டிக்கொண்டான் ஐசக்.

"அங்க போயி மரம் மாதிரி நிக்காதய்யா. வாயத் தொறந்து கேளு" என்றாள் நிறைமாத மனைவி ஹன்னா.

கழகத்தில் அவனைக் கதவோரம் நிறுத்தினார்கள். விவாதம் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு பொருளோட மதிப்பே அதுல போட்ட உழைப்புதான்!" என்று மேசையைக் குத்தினார் வங்கிக்காரர் க்ராஞ்ச்.

ஐசக் முகம் மலர்ந்தது. "அப்போ பட்டோட மதிப்பு என் உழைப்புங்களா, ஐயா?"

"உழைப்புதான்ப்பா. ஆனா அது உன்னுதுன்னு நான் எங்க சொன்னேன்?"

நிலக்கிழார் ஹாப்லி சிரித்தார். "வாங்க ஆளில்லேன்னா உழைப்ப ஊறுகாயா போட முடியும்? நாங்க குத்தகைப் பணம் வாங்கிச் செலவு பண்றதாலதான்யா நாடே ஓடுது."

"ரொட்டி விலை ஏற ஏற உங்க குத்தகையும் ஏறுது. சும்மா உக்காந்து வாங்குறீங்க!" என்று பாய்ந்தார் க்ராஞ்ச்.

"சும்மாவா? செலவு பண்றது எவ்ளோ கஷ்டம்னு உமக்குத் தெரியுமா?"

பாதிரியார் பென்ரோஸ் கறித் துண்டை விழுங்கிவிட்டு எழுந்தார். "ரெண்டு பேரும் தப்பு. சாப்பாடு நடந்துதான் பெருகுது, ஜனங்க ஓடிப் பெருகுறாங்க. அதான் கோளாறு. உனக்கு எத்தன புள்ளைங்கப்பா?"

"மூணுங்க. நாலாவது இந்த வாரம் பொறக்கும்."

"பாத்தீங்களா!" என்றார் பாதிரியார், திருடனைப் பிடித்தவர் போல.

"ஐயாவுக்கு எத்தனங்க?"

"பதினொண்ணு. அது வேற கணக்கு."

க்ராஞ்ச் ஹாப்லியை 'ஒட்டுண்ணி' என்றார். ஹாப்லி பாதிரியாரை 'எமனின் தரகர்' என்றார். குழம்புக் கிண்ணம் ஒன்று பறந்தது. அறிவு இவ்வளவு வேகமாக வளர்வதை ஐசக் அதுவரை கண்டதில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேவிட்டான்: "ஐயா, எங்க கூலியக் குறைக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதித் தருவீங்களா?"

க்ராஞ்ச் ஓங்கிய கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கூலி குறையாம நின்னா லாபம் விழும்" என்றார் க்ராஞ்ச்.

"வேலைக்காரன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான்" என்றார் ஹாப்லி.

"அஞ்சாவதும் பொறக்கும்" என்றார் பாதிரியார்.

மூவரும் ஒருவரையொருவர் வியப்போடு பார்த்தார்கள். பிறகு கண்கலங்கக் கட்டித் தழுவிக்கொண்டார்கள். சட்டத்தை ஒழிக்கச் சொல்லும் தீர்மானம், கழக வரலாற்றில் முதன்முறையாக, ஏகமனதாக நிறைவேறியது. ஐசக்கின் தோளையும் தட்டிக் கொடுத்தார்கள்.

சட்டம் ஒழிந்தது. கூலி சரிந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஹன்னா கேட்டாள்: "அவ்ளோ படிச்சவங்க, ஆளுக்கொண்ணு பேசியிருப்பாங்களே?"

"பேசினாங்க. மதிப்புல சண்டை, குத்தகையில சண்டை, ஜனத்தொகையில சண்டை" என்றான் ஐசக். "நம்ம வயித்துல அடிக்கிறதுலதான் ஒரே கை."