கண்ணியரும் சிவப்புத் தடியும்

கண்ணியரை விட மெதுவாக நடக்கும் மனிதர் இலங்கைத் தீவில் கிடையாது. உருத்திரபுரத்தில் அவருடைய படலையிலிருந்து கடைக்கு இருநூற்றுப் பத்து மீற்றர். அளந்தவன் நான். அவருக்குப் பதினேழு நிமிடம் பிடிக்கும். மழை பெய்தால் பத்தொன்பது.

பதினான்கு வருடம் கண்ணிவெடி அகற்றியதால் வந்த பெயர் அது. வெளியூரார் சிலர் அதைக் கண்ணியம் என்று விளங்கிக்கொண்டு, எழுந்து கதிரை கொடுத்ததுண்டு. அவர் திருத்தியதில்லை. உட்கார்ந்துகொள்வார்.

நாற்பத்தெட்டு வயதில் அவரைக் கோல்ஃப் பிடித்தது. வேலைத்தளத்து வெளிநாட்டு மேற்பார்வையாளர் ஊர் திரும்பியபோது ஒரு பை நிறைய மட்டைகளை இவரிடம் விட்டுப் போனார். மறுநாளே கண்ணியர் அறுவடை முடிந்த வயலில் ஒரு பால்மாத் தகரப் பேணியைப் புதைத்து, அதற்குள் பந்தை அடிக்கத் தொடங்கினார்.

"பதினாலு வருசம் நிலத்துக்குள்ள கிடந்ததை வெளியில எடுத்தார். இப்ப வெளியில கிடக்கிறதை உள்ளுக்குப் போடுறார்" என்றார் அவர் மனைவி. "எடுத்தது போதாதெண்டு நினைச்சிட்டார் போல."

ஆனால் நிலத்தை அவரைப்போல் வாசிக்க ஆளில்லை. குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, புல் சாயும் பக்கத்தைப் பார்ப்பார். மூன்று மீற்றருக்குள்ளிருந்து அவர் அடித்து நான் குறித்துவைத்த நூறு அடிகளில் தொண்ணூற்றாறு பேணிக்குள் விழுந்தன.

கண்ணி அகற்றும் வேலை முடிந்துகொண்டிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரருக்கான தேர்வில் தேறினால், நிலத்தைப் பயமில்லாமல் பார்க்கும் தொழில் ஒன்று அவருக்குக் கிடைக்கும். தேறாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஐம்பத்தோராவது வயதில் மலைநாட்டு மைதானம் ஒன்றுக்குப் புறப்பட்டார். பை தூக்க நான்.

அங்கேதான் தடிகள் வந்தன. கண்ணி வயலில் வெள்ளைத் தடிக்கு அப்பால் துப்பரவாக்கிய நிலம். சிவப்புத் தடிக்கு அப்பால் ஆபத்து. கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்கு அப்பால் எல்லைக்கு வெளியே, அங்கிருந்து அடிக்கவே கூடாது; சிவப்புக்குள் போய்த் தாராளமாக அடிக்கலாம். கண்ணியரின் பந்து வெள்ளைத் தடியைத் தாண்டியது. அவர் கம்பீரமாக உள்ளே போனார்.

"நல்ல வேலை செய்திருக்கிறாங்கள், தம்பி" என்று பாராட்டிவிட்டு அடித்தார். அந்த அடியின் தண்டத்தால் தேர்வு போனது.

அடுத்த வருடம் விதிகளை நானே மனப்பாடம் செய்வித்தேன். கடைசிக் குழி வரை எல்லாம் ஒழுங்கு. இன்னும் இரண்டே தடவை அடித்துக் குழிக்குள் போட்டால் தேறலாம் என்றபோது, பந்து சிவப்புத் தடிக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி நின்றது. பந்தை எடுத்து வெளியே வைத்தால் தண்டமாக ஒரு அடி கணக்கில் கூடும். தேர்வு மறுபடியும் போகும்.

"உள்ளுக்கப் போங்கோ, அண்ணை."

"ஓம்" என்றார். கால் அசையவில்லை.

"புல்லு வெட்டுறவர் காலமை உள்ளுக்கப் போய் வந்தவர். நான் பார்த்தனான்."

"அது அந்தாளின்ர துணிவு."

பிறகு தடிக்கு வெளியே முழங்காலிட்டார். நான் துவாய் விரிக்கப் போனேன். விதி விடாது என்று நடுவர் தடுத்தார். ஈரப் புல்லில் வெறும் முழங்காலோடு, மட்டையைக் கிடையாக நீட்டி, தோசை திருப்புவதுபோல் ஒரு வீச்சு. பந்து எழும்பி, குழிக்கு இரண்டு மீற்றரில் போய் நின்றது. நடுவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முழங்காலுக்கு எதிராக ஒரு வரியும் இல்லை.

கண்ணியர் போய்க் குப்புறப் படுத்தார், எழுந்தார், தட்டினார். பந்து உள்ளே போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரர்.

திரும்பும் வழியில் கனகராயன்குளத்துத் தேநீர்க் கடையில் கேட்டேன்: "உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும், தம்பி. காலுக்குத்தான் தெரியேல்லை."

இப்போது போட்டிகளுக்குப் போகிறார். நான் பையோடு பின்னால் போகிறேன். மைதானம் முழுவதும் பஞ்சுபோன்ற புல்தான். ஆனாலும் அவர் கால் வைத்த இடத்திலேயே என் காலையும் வைத்து நடக்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது.