ஹெட்டிங் அண்ணாச்சி போட்ட பொருளடக்கம்

எங்கள் வண்டிப்பெரியாரிலிருந்து டெல்லி வரைக்கும் தேடினாலும், கீபோர்டில் இருக்கும் ஸ்பேஸ் பாரை இவ்வளவு வெறுக்கிற மனிதர் கிடைக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கும் அவரை ஹெட்டிங் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காய்ச்சல் என்று ஒருவர் லீவு லெட்டர் அடிக்க வந்தால், முன்னுரை, நோயின் தன்மை, முடிவுரை என்று பிரித்துப் பக்க எண் போட்டு முடிப்பதற்குள் காய்ச்சலே விட்டுவிடும்.

போன வருஷம் நான் மாட்டினேன். எங்கள் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் இருபத்திரண்டு வீடுகளின் கூரை ஒழுகியது. அதில் ஒன்று என் அம்மாவுடையது. கொடுத்த மனுக்கள் எங்கே போயினவோ! கடைசியில் ஓர் அதிகாரி, முறையான அறிக்கை தந்தால் நேரில் வருவதாகச் சொன்னார். மழைக்கு மூன்றே வாரம். லயம் கமிட்டிச் செயலாளரான நான் பதினாறு பக்கம் அடித்து, பிரின்ட் எடுக்க அவரிடம் போனேன்.

அவர் ஒரு பட்டனை அமுக்கினார். நான் தட்டிய ஸ்பேஸ் எல்லாம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது.

"என்னடே இது? அறிக்கையா, மிளகு காயப்போட்ட பாயா?"

"தலைப்பு நடுவுல வரட்டும்னு தட்டினேன் அண்ணாச்சி."

"அதுக்குத் தனியா பட்டன் இருக்குல்லா! நாப்பது தடவ தட்டியிருக்கியே, வெரல் வலிக்கலையா?"

"நாளைக்குக் குடுக்கணும். அப்படியே பிரின்ட் போடுங்க."

"போட மாட்டேன். அந்த ஆளு மொதப் பக்கத்தப் பாத்துட்டு ஃபைல்ல வச்சிருவாரு. மொதப் பக்கத்துல என்ன எழுதியிருக்கே?"

"தேயிலையின் வரலாறு."

தலையில் அடித்துக்கொண்டு வரலாற்றை அழித்தார். ஒழுகும் வீடு ஒவ்வொன்றையும் ஒரு தலைப்பாக்கினார். 'மூன்றாம் வீடு: கட்டிலுக்கு மேல் ஒழுகுகிறது, படுத்த படுக்கையாக ஒரு பெரியவர்.' இப்படி இருபத்திரண்டு. அத்தனை வீட்டுக்கும் என்னைப் போன் போட்டு விசாரிக்க வைத்தார். கடையை அடைக்கும் நேரத்தில் ஒரு கிளிக். எல்லாத் தலைப்புகளும் பக்க எண்ணோடு முதல் பக்கத்தில் பொருளடக்கமாக வந்து நின்றன. அந்த மனிதரைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அதிகாரி முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. "திங்கட்கிழமை வரேன்" என்றார். வந்தார். அந்த ஒற்றைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். மழைக்கு முந்தின நாள் கடைசிக் கூரைத் தகடும் ஏறிவிட்டது.

முதல் மழை மதியம் அடித்து ஊற்றியது. அம்மா வீட்டிலிருந்தே போன் செய்தேன்.

"அண்ணாச்சி, ஒரு சொட்டு உள்ள விழல!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்த அறிக்கையில பதினோராம் பக்கத்துல லைன் ஸ்பேசிங் மாறிட்டுடே" என்றார். "அதான் மனசே சரியில்ல."

என்ன மனுஷன்! அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.