ஒண்ணும் வரலீங்க தம்பி

"போர்டுல கோலமாட்டந்தான் ஓடுதுங்க தம்பி. எழுத்தே காணோம்," என்றார் சென்னிமலை, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து. காலையில் பால் ஊற்ற வந்தவர், வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்.

எருத்தேன்பதி பால் சொசைட்டியின் குமாஸ்தா கௌசிக் கணினி முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தான். பால் விலை காட்டும் புது போர்டு வெளிச்சுவரில் ரோட்டைப் பார்த்து இருந்தது. கணினி உள்ளறையில். இரண்டுக்கும் நடுவே ஒரு தடித்த கேபிள். மத்தியானம் சொசைட்டி பிரசிடென்ட் வந்து திறந்துவைக்கிறார்.

மத்தியானத்துக்குள் கௌசிக் வேலந்தாவளத்திலும் இருந்தாக வேண்டும். கோபித்துக்கொண்டு அங்கே அம்மா வீட்டுக்குப் போன அவன் மனைவி செல்வப்பிரியா நேற்று போனில் சொல்லியிருந்தாள்: "மருதமலைக்குப் போலாம்னு சொல்ற அன்னிக்கெல்லாம் உங்களுக்குச் சொசைட்டிதான் பெருசு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து கூப்பிடாட்டி நான் தனியாவே மலையேறிக்கறேன். அப்புறம் எங்கூடப் பேச வேண்டாம்."

போர்டு மாட்டிய பூபதிராஜாவுக்குப் போன் போட்டான்.

"வேகம் ஒத்துப்போகலீங்க. எஸ்டிடிஒய்னு அடிச்சு, பக்கத்துல 9600 போடுங்க."

போட்டான்.

"இருட்டாயிருச்சுங்க," என்றார் சென்னிமலை.

"அப்பப் பேரிட்டிங்கற செட்டிங்கை எடுத்துருங்க."

எடுத்தான்.

"இப்பப் போர்டுல புள்ளி புள்ளியாத் தூறல் போடுதுங்க!"

"எதுக்கும் மைனஸ் எக்கோன்னு போட்டு, ஏதாச்சும் அடிச்சுப் பாருங்க. நான் பஸ்ஸுல ஏறறேன்," என்று பூபதிராஜா வைத்துவிட்டான்.

கௌசிக் தட்டினான். இப்போது அவன் தட்டும் எழுத்து அவன் திரையிலேயே வரவில்லை. இருந்ததும் போயிற்று.

எங்கும் போகாத எழுத்துதானே என்றதும் மனசு திறந்துகொண்டது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினான்: 'முருகா, காலையிலிருந்து பல்லுல பச்சைத்தண்ணி படலை.'

"ஏதாச்சும் வருதுங்களா?"

சென்னிமலை மேலே பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். "ஒண்ணும் வரலீங்க தம்பி. நீங்க பாட்டுக்கு அடிங்க."

சற்று நேரத்தில், பால் ஊற்ற வந்திருந்த கருப்பாத்தாள் மேஜையில் ஒரு டிபன் டப்பாவை வைத்தாள். "தின்னுப்போட்டு வேலையைப் பாருங்க கண்ணு."

இட்லி, பூண்டுச் சட்னி. முதல் வாயிலேயே அவன் கண் கலங்கியது.

"ஏனுங்க, காரமா?"

"இல்லீங்க. எங்க ஊட்டுல அரைக்கற மாதிரியே இருக்குது."

"அப்படீங்களா!" கருப்பாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

கை கழுவி வந்து 'முருகா, தலை வெடிக்குது' என்று தட்டினான். ஜன்னல் வழியாகத் தைல டப்பா வந்தது. சுவரிலிருந்த முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். கேட்டது கிடைக்கும்போது யார் கொடுத்தார்கள் என்று அவன் ஆராய்கிறவன் அல்ல. கும்பிட்டுக்கொண்டான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைசியாகத் தட்டினான்: 'முருகா, போர்டு ஓடாட்டிப் போகட்டும். செல்விகிட்ட நான் பண்ணுனது தப்பு. அவளோடதான் உன் மலை ஏறுவேன்.'

"இப்ப வருதுங்களா?"

"ஒண்ணும்..." சென்னிமலை மறுபடியும் பக்கத்தில் பார்த்தார். "ஒண்ணும் வரலீங்க."

பிரசிடென்ட் ஈஸ்வரமூர்த்தி நேரத்துக்கு முன்பே உள்ளே வந்தார். கௌசிக் எழுந்தான்.

"ஐயா, போர்டு ஓடலீங்க. திட்டறதுன்னா நாளைக்குத் திட்டுங்க. நான் ஊட்டுக்காரியைக் கூப்பிடப் போகோணும்."

பிரசிடென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போங்க தம்பி. மொதல்ல அதைப் பாருங்க."

வெளியே ஓடி வந்தான். பால் கேனும் கையுமாக ஒரு கூட்டமே அண்ணாந்து நின்றது. அவனும் அண்ணாந்தான்.

'செல்விகிட்ட நான் பண்ணுனது தப்பு' என்று சிவப்பெழுத்து நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு புள்ளி பிசகவில்லை.

"அண்ணா!" என்று கத்தினான் கௌசிக். "ஒண்ணும் வரலைன்னுதானே சொன்னீங்க?"

"நான் என்னங்க தம்பி பண்றது?" என்றார் சென்னிமலை. "மொத பஸ்ஸுக்கே இட்லியோட வந்து எறங்குன உங்க ஊட்டம்மாதான், 'வருதுன்னு சொல்லீராதீங்கண்ணா, நிறுத்திப்போடுவாரு'ன்னுட்டாங்களே!"