நாலு மடங்கு வேகத்தில் ஓடிய மோட்டார்

"எனக்குத் தெரியாது" என்று சொல்வதை ஒரு பாடமாக வைத்திருந்தால், அதில் நான் இன்றுவரை அரியர் வைத்திருப்பேன். (பொறியியலில் வைத்ததைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

கருவிகள் பொருத்தும் ஒரு கம்பெனியில் சேர்ந்த ஆறாம் மாதம், என்னைக் கீரமங்கலத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லுக்கு அனுப்பினார்கள். மோட்டாரின் வேகத்தைக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். மோட்டாரின் பெல்ட் சக்கரமான புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, எதிரே ஒளி பாய்ச்சும் சென்சாரை வைப்போம். புல்லி ஒரு சுற்று சுற்றினால் ஸ்டிக்கர் ஒரு முறை மின்னும். கவுன்ட்டர் கார்டு அதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை.

அந்த மோட்டாருக்கு அன்றுதான் புதிதாகச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டி வந்திருந்தது. கட்டியவர் அங்கே மோட்டார்க் கடை வைத்திருந்த என் தாய்மாமா. அவர் கட்டிய மோட்டார் ரிப்பேருக்குத் திரும்பி வராது என்று அந்த வட்டாரத்தில் பேர். மருமகன் வேலை செய்வதைப் பார்க்க அவரும் வந்து நின்றார்.

ஸ்விட்சைப் போட்டதும் திரையில் 5760 என்று வந்தது. வரவேண்டியது நிமிடத்துக்கு 1440 சுற்று. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன், சென்சாரை மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். 5760 அசையவில்லை. மில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "காயில் தப்பாக் கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

மாமா மெதுவாகத்தான் பேசினார். "நம்மூரு கரண்டுல இந்த மோட்டாரு ஆயிரத்து ஐநூறத் தாண்டாதுடா. காயில எப்புடிக் கட்டுனாலும் இவ்வளவு ஓடாது. ஒன் மிஷினப் பாரு."

"மிஷினு பொய் சொல்லாது மாமா."

(மாமா சொன்ன அதே விஷயத்தைக் கல்லூரிப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.)

முதலாளி மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டார். மாமா நல்ல காயிலை வெட்டியெடுத்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி கட்டினார். புல்லியையும் கழுவித் துடைத்து மாட்டினார். புது ஸ்டிக்கர் ஒட்டினேன். திரையில் 1440. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாமா சாமான்களை எடுத்துக்கொண்டு போனார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று நினைத்தாலும் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை மில்லிலிருந்து போன்: மறுபடியும் 5760. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். கறுத்த புல்லியின் விளிம்பில், குறுக்கே மூன்று விரலால் குழைத்து இழுத்த திருநீற்றுப் பட்டை. வெள்ளிதோறும் பூசையாம். முதல்முறை காயில் கட்டி வந்த அன்றும் ஓட்டுவதற்கு முன்னால் பூசியிருக்கிறார்கள். இரண்டாம் முறை, முதலாளி இருந்த கோபத்தில் பூசை நடக்கவில்லை. என் சென்சார் ஸ்டிக்கர் ஒன்று, பட்டை மூன்று, ஆக நாலு என்று பக்தியோடு எண்ணியிருக்கிறது. துணியால் துடைத்தேன். 1440.

நேரே மாமாவின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"மில்லுல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றேன். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு வாரம் இழுத்து, அப்புறம்தான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் மில் மோட்டார்கள் புதுக்கோட்டையில் வேறு கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டன. திரும்பி வரவே இல்லை. நான் சொன்னது பொய் என்பதும் மாமாவுக்குத் தெரிந்துபோயிற்று.

இன்றும் வீட்டு விசேஷங்களில் மிக்சி மக்கர் பண்ணினால், "அவனக் கூப்புடுங்க, பட்டை எத்தனன்னு எண்ணட்டும்" என்று அத்தை ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். ஆனால் பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றவர், இப்போது வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க தம்பி" என்கிறார்.