ஹம்ஸா பாஸாகிவிட்டான்

"ஜூத்தா" என்றான் ஹம்ஸா, செருப்புப் படத்தைப் பார்த்து.

இது முப்பத்தொன்றாவது சரியான பதில். பக்கத்தில் அவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்த ஜஸ்மின், 'வாயை மூடேன்டா தங்கம்' என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

நாலு வயது ஹம்ஸா மூடுவதாக இல்லை. பேச்சுப் பயிற்சி டீச்சர் தனேஸ்வரி பூனைப் படத்தைத் தூக்கினார். "பில்லி" என்றான். பிறகு ஜஸ்மின் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, நிதானமாக இன்னொரு தடவை. "பில்... லி."

கோலா சிலாங்கூர் கிளினிக்குக்கு டீச்சர் மாதம் ஒருமுறைதான் வருவார். போன மாதம் ஹம்ஸாவின் அம்மா சைமாவிடம் ஐம்பது உருதுச் சொற்கள் இருந்த தாளைக் கொடுத்திருந்தார்.

"நம்ம சொல்றது எல்லாம் அவனுக்குப் புரியுது. வாயிலேருந்துதான் வரமாட்டேங்குது. இதுல எதைச் சொல்றானோ அதுக்கு மட்டும் டிக் போடுங்க."

அந்தத் தாள் ஜஸ்மினிடம் வந்தது. அவள் அப்பா மீரா முகைதீனின் சாப்பாட்டுக்கடை மாடியில்தான் சைமா குடியிருந்தாள். தமிழையும் அந்தக் கடையில்தான் பொறுக்கிக்கொண்டாள். ஜஸ்மினோ இந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை எஸ்.பி.எம். எழுதுகிறவள். பட்டியல் எதைக் கண்டாலும் அவளுக்கு அது வினாத்தாள். வினாத்தாள் முன்கூட்டியே கைக்கு வந்தால் சும்மா விடுவாளா? ஐம்பது படம் வரைந்தாள். பள்ளி விட்டதும் தினமும் டியூஷன்.

ஒரே குறை, அவளுக்கு உருது ஒரு சொல்லும் தெரியாது. சைமா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிவைத்து, கடித்துத் துப்பினாள். ஹம்ஸா விழுந்து விழுந்து சிரித்தான். பத்தாவது நாள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

எல்லாம் நல்லாத்தான் போனது. இன்று காலை கிளினிக் வரிசையில், புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்த ஒரு அம்மா வாயைத் திறக்கும்வரை.

"எல்லாத்தையும் சொல்லிட்டான்னா பேரை வெட்டிருவாங்க லா! வெளிய எத்தன பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க!"

ஜஸ்மின் அவசரமாக ஒரு பிஸ்கட்டை அவன் வாயில் திணிக்கப் போனாள்.

"பிஸ்கட்!" என்றான். முப்பத்து மூன்று.

கையிலிருந்த கோப்பால் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் இறங்கி வந்து, புத்தகமென்று நினைத்து அதைப் பிடுங்கி, "கிதாப்!" என்று கத்தினான்.

"டீச்சர், அவனுக்கு டாய்லெட் வருது போல!" என்று தூக்கிக்கொண்டு ஓடினாள். கைகழுவும் குழாயைப் பார்த்ததும் நடைபாதையே அதிர, "பானி!"

திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தாள். அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், இவன் பாஸ் இல்ல. நான்தான் கொஸ்டீன் பேப்பரை லீக் பண்ணிட்டேன். ப்ளீஸ், அவன் பேரை மட்டும் வெட்டிராதீங்க."

தனேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசத்துலயா முப்பத்தஞ்சு? நான் ஆறு மாசத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன்மா! எப்படிச் சொல்ல வெச்ச?"

"தெரியல டீச்சர். நான் தப்பாச் சொல்வேன். ஒடனே அவன் சொல்வான்."

"இது பரீட்சை இல்லம்மா. படம் காட்டாம, சொந்தமா ரெண்டு சொல் சேத்துப் பேசறானா, அதுதான் எனக்கு வேணும். அது வந்தாலும் வராட்டியும் இந்த வருஷம் பூரா இவனை விடமாட்டேன். போதுமா? கண்ணத் தொடச்சிக்கோ."

அப்போது ஹம்ஸா அம்மாவின் துப்பட்டாவை இழுத்தான். ஜஸ்மினைக் காட்டி உருதுவில் நீளமாக ஏதோ கேட்டான். சைமா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

டீச்சர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "சேத்துப் பேசறான்! என்ன கேக்கறான்?"

சைமா ஜஸ்மினைப் பார்த்தாள்.

"'நான் டெய்லி சொல்லிக் குடுத்தேன். ஜஸ்மின் அக்கா எப்போ பேசும்?'"