நாட்டட்டால்

என் மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்று ஒரு வீர முடிவு எடுத்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டு முடிவெடுக்கும் அதிகாரம் எங்கள் கொரட்டூர் வீட்டில் நாகவல்லிக்கு மட்டுமே உண்டு.

வேலை அம்பத்தூரில். வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்தால் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். மாலை ஷிப்ட். பி.காம். படித்துவிட்டு வீட்டில் அடைந்து கிடந்தவளுக்கு அது பெரிய கனவு. எனக்கோ கவலை. மாலை ஷிப்ட் என்றால் ராத்திரி எனக்குத் தோசை வார்ப்பது யார்? என் வயிற்றின் எதிர்காலமே அதில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. திங்கட்கிழமை அவளாகவே வந்து மாட்டினாள்.

"மாமா, எயுதச் சொன்னா எயுதிருவேன். பேசத்தான் பயமாக் கீது. நீதான் சூப்பர்வைசராச்சே, சொல்லிக் குடேன்."

என் இங்கிலீஷ் தனி ரகம். ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்து, நடுவில் மூச்சு விட்டு, கம்பீரமாகப் பேசுவேன். "ஐ. ஆம். கோயிங். டு. கால். யூ." கேட்பவர்கள் எழுந்து நிற்பார்கள். பாதிப் பேர் கிளம்பியே போய்விடுவார்கள். அதை இவளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வேலை கிடைத்துவிடுமே! ஆகவே நேர் எதிராகப் பாடம் நடத்தினேன்.

"நாகு, 'வந்து கொண்டு இருக்கிறேன்'னு நீ எப்படிச் சொல்லுவே?"

"வந்துகினுகீறேன்."

"அதேதான்! இங்கிலீஷையும் அப்படியே முழுங்கு. ஒட்டு. இடைவெளியே விடாதே. குழாயடிச் சண்டை வேகம் வேணும்."

"ஐம் கொன்னா காலியூ."

"யாரைக் கொன்னா?"

"கோயிங் டு, மாமா. ரெண்டயும் ஒட்டுனேன்."

"பிரமாதம்!" என்றேன். இங்கிலீஷைக் கொன்றேவிட்டாள்.

அன்று முதல் வீடெல்லாம் ஒட்டல்தான். என்னை எழுப்புவதே "கெட்டப்பு மாமா!" பக்கத்து வீட்டு ஜுலைகா அதே கம்பெனியில் புதியவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறவர். காம்பவுண்டுச் சுவர் வழியே கேட்டுவிட்டு, "அண்ணே, நல்லா சொல்லித் தர்றீங்க!" என்று சிரித்தார். நக்கல் செய்கிறார், நம் திட்டம் பலிக்கிறது என்று நான் பூரித்துப் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் முகமெல்லாம் பல்.

"வேல கெட்ச்சிருச்சி மாமா!"

"இன்னாது!" பதற்றத்தில் என் நல்ல தமிழ் ஓடிவிட்டது.

"வெள்ளக்காரன் அப்டித்தான் ஒட்டி முயுங்கிப் பேசுவானாம். மத்தவங்களுக்கு இத்தக் கத்துக் குடுக்கவே மாசக்கணக்கா ஆவுதாம். ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்ததுன்னாங்க. எங்கூட்டுக்காரருன்னேன்."

நான் திருதிருவென்று முழித்தேன்.

"முயிக்காத மாமா. நீ கவுக்கத்தான் சொல்லிக் குடுத்தேன்னு அன்னிக்கே தெரியும். ஜுலைகாக்காவாண்ட கேட்டுக்கினு அப்பாலதான் பாடமே படிச்சேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் பெருமை வந்து தொலைத்தது. அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சம், கல்யாணத்தன்று பார்த்தது. என் பெண்டாட்டி! என் மாணவி! இனி சீமைக்காரர்களெல்லாம் இவள் சொல்வதைக் காதில் வாங்கப் போகிறார்கள். நான் ஒருவன் மட்டும் எத்தனை நாள்தான் வாங்குவது? நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பசியும் எடுத்தது.

"சமைச்சியா நாகு?"

"நாட்டட்டால்."

நாட்டு ஆட்டுக்கால்! வேலை கிடைத்த குஷியில் பாயாவே வைத்துவிட்டாள்! சமையலறைக்கு ஓடி மூடியைத் திறந்தேன். பாத்திரத்தில் கால் இல்லை. காலி.

"நாகு, ஆட்டுக்கால் எங்கே?"

"நாட். அட். ஆல். சமைக்கவேயில்லன்னேன்." என்னைப் போலவே மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னவள், ஒரு தட்டை என் கையில் வைத்தாள்.

"ஒவ்வொண்ணாப் பிரிக்கிறதுல நீதான் கில்லாடியாச்சே மாமா. இந்தா, பூண்டு."